விளக்குக்குள் இருந்த காது

வாங்கி இருபது நாள்கூட ஆகாத கார், மூன்றாவது முறையாக ஸ்டார்ட் ஆகாமல் நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலை. என் கணவர் வெங்கடேசன் பானெட்டின்மேல் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து நின்ற விதத்தைப் பார்த்தால், இவர் மன்னிப்புக் கேட்கிறாரா திட்டப்போகிறாரா என்று காருக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

“பேட்டரி புச்சு எழிலு. போட்டு ஒரு வாரம்கூட ஆவல. ரெண்டு நாள் நிறுத்துனா செத்துப் பூடுது. இன்னா வண்டி இது?”

“வண்டி நல்ல வண்டிதான். உள்ள ஏதோ ஒண்ணு கரண்ட் குடிச்சிகினு கீது,” என்றேன்.

மெக்கானிக் பரசுராமன் முதல் தடவை வந்தபோது பேட்டரியை மாற்றச் சொன்னார். இரண்டாவது தடவை ஆல்டர்னேட்டர் என்றார். மூன்றாவது தடவை கூப்பிட்டால் காரையே மாற்றச் சொல்லுவார் என்று எனக்குத் தோன்றியது. மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு நானே இறங்கினேன். ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் எனக்குப் பதினோரு வருட சர்வீஸ். ஒரு காருக்குள் ஓடும் அத்தனை ஒயரையும் பலகையில் விரித்து, கொத்துக் கொத்தாகச் சேர்த்து, டேப் சுற்றி அனுப்புவதுதான் எங்கள் வேலை. கண்ணை மூடிக்கொண்டு எந்த ஒயர் எங்கே போகும் என்று சொல்லுவேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

இந்தக் காரை வாங்கச் சொன்னதும் நான்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் இதற்கு மஞ்சள் நம்பர் போர்டு. எங்கள் கம்பெனிக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் கான்ட்ராக்டரின் வண்டி. பென்னலூரில் என்னையும் சேர்த்து ஆறு பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரகடம் போகும், ஷிப்ட் முடிந்ததும் கொண்டுவந்து விடும். பிறகு கம்பெனியே பஸ் விட்டது, கான்ட்ராக்டர் வண்டிகளை விற்றுவிட்டார். போன மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு புரோக்கரிடம் வெள்ளை போர்டு மாட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். நம்பர் அதே நம்பர். தெரிந்த வண்டி, ஏமாற்றாது என்றேன். வெங்கடேசனும் தலையாட்டினார். என் பேச்சுக்கு அவர் தலையாட்டாத நாள் குறைவு.

மீட்டர் போட்டுப் பார்த்தால், சாவியை எடுத்த பிறகும் கரண்ட் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சநஞ்சமில்லை, இருக்க வேண்டியதைப் போல ஆறு மடங்கு. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். முள் அசையவில்லை. அப்படியென்றால் திருட்டு ஒயர், ஃபியூஸுக்கு முன்னாலேயே எங்கோ கொக்கி போட்டிருக்கிறார்கள்.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினேன். பார்த்ததுமே எனக்குக் கோபம் வந்தது. கம்பெனி சுற்றிய டேப்பைப் பிளேடால் கீறி, உள்ளே இருந்த மெயின் ஒயரைச் சுரண்டி, ஒரு சிவப்பு ஒயரை முறுக்கி வைத்திருந்தான் எவனோ. மேலே டேப்பைச் சுற்றிய லட்சணத்தைப் பார்த்தால், காயத்துக்குக் குழந்தை கட்டுப் போட்டது போல இருந்தது. எங்கள் லைனில் இப்படிச் சுற்றினால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

சிவப்பு ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். முதலில் ஒரு பழைய அலாரம் பெட்டி வந்தது, அதில் உயிர் இல்லை. பிறகு எதற்கென்றே தெரியாத ஒரு ரிலே. அதையும் வெட்டி எடுத்தேன். அதற்குப் பின்னால், டேஷ்போர்டின் அடிவயிற்றில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி ஒன்று இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

“ஜிபிஎஸ்,” என்றார் வெங்கடேசன். அவர் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். இந்த மாதிரிப் பெட்டிகள் அவருக்குப் பழக்கம். “உள்ள சிம் இருக்கும். ரீசார்ஜ் பண்ணாம வுட்டுட்டா டவரத் தேடிகினே கெடக்கும். அதான் பேட்டரிய காலி பண்ணிச்சு. புடுங்கிப் போடு.”

கான்ட்ராக்டர் வண்டியில் ஜிபிஎஸ் இருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. பிடுங்கத்தான் போனேன். அப்போதுதான் பெட்டியிலிருந்து இன்னொரு ஒயர் போவதைப் பார்த்தேன். மெல்லிசு, சாம்பல் நிறம், உள்ளே இரண்டு நூலும் மேலே வலைபோல ஒரு கம்பிச் சுற்றும். அதை நான் ஆயிரம் தடவை கையில் பிடித்திருக்கிறேன். காரில் போன் பேசுவதற்கு மைக் வைப்பார்களே, அந்த மைக்குக்குப் போகும் ஒயர் அது.

வண்டி எங்கே போகிறது என்று பார்க்கும் பெட்டிக்குக் காது எதற்கு?

ஒயர் கண்ணாடி ஓரத் தூணுக்குள் ஏறியது. கூரைத் துணிக்குள் ஓடியது. நடு சீட்டுக்கு நேர்மேலே இருந்த சின்ன விளக்கில் போய் முடிந்தது. விளக்கின் மூடியை நெம்பினேன். பல்புக்குப் பக்கத்தில், பட்டாணி அளவுக்கு ஒரு மைக். அதற்கு நேராக மூடியில் ஊசியால் குத்தினாற்போல ஓர் ஓட்டை.

நடு சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். வாரண்டி ஸ்டிக்கரில் பால்பாயின்ட் பேனாவால் வண்டி நம்பரும் பொருத்திய தேதியும் எழுதியிருந்தது. மூன்று வருடத்துக்கு முந்தைய ஜூன் மாதம். நாங்கள் இந்த வண்டிக்குள் ரகசியம் பேச ஆரம்பித்தது ஜூலையில்.

எனக்கு முதலில் ஞாபகம் வந்தது கான்ட்ராக்டரின் முகம் இல்லை. அந்த ஆறு பேரில் ஒருத்தியான பாஞ்சாலியின் முகம்.

அந்த ஜூலையில் நாங்கள் கேட்டது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. லைனில் நிற்கும் பெண் பாத்ரூம் போக வேண்டுமென்றால் அவள் இடத்தில் நிற்க ஒரு மாற்று ஆள் வேண்டும். அவ்வளவுதான். நாலு மாதம் கேட்டும் தரவில்லை. கம்பெனிக்குள் பேச முடியாது, மூலைக்கு மூலை கேமரா. அதனால் வண்டியில் பேசினோம். சாயங்காலம் பென்னலூர் வரும் வழியில் டிரைவர் சின்னப்பையன் டீ குடிக்க இறங்குவார். அந்தப் பத்து நிமிஷம் கதவைச் சாத்திக்கொள்வோம். அதற்கு முன்னால் எல்லாருடைய போனையும் ஒரு சாப்பாட்டுப் பையில் போட்டு சின்னப்பையன் கையிலேயே கொடுத்தனுப்பிவிடுவோம். கம்பெனி கேட்டில் தினமும் போனை ஒப்படைத்து டோக்கன் வாங்கிப் பழகியவர்கள் இல்லையா, புத்தி அப்படித்தான் போனது. எவளும் ரெக்கார்ட் பண்ணிவிடக் கூடாதாம். பையை நீட்டிக்கொண்டு வசூல் பண்ணியது நான். போனுக்கு அவ்வளவு பயந்தோம், தலைக்குமேல் இருந்த விளக்கை ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஒரு சனிக்கிழமை முடிவு செய்தோம். திங்கட்கிழமை முதல் ஷிப்டில் ஆறு பேரும் ஒரே நேரத்தில் லைனிலிருந்து கையை எடுத்துவிடுவது. சுபஸ்ரீ, எங்களில் வாய் அதிகம் அவளுக்குத்தான், “பாத்ரூம் வுடலன்னா மேனேஜர் சேர்லயே போயிடுவேன்” என்றாள். வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்றைக்குப் பாஞ்சாலி மட்டும் போனைக் கொடுக்கவில்லை. அவளுடைய ஆறு வயதுப் பெண் கனிஷ்காவுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும் என்றாள். எனக்குப் பிடிக்கவில்லை. சரி, மடியிலேயே வைத்துக்கொள் என்று முறைத்தேன்.

திங்கட்கிழமை சுபஸ்ரீ, சந்திரம்மாள், இன்னொருத்தி, மூன்று பேரையும் கேட்டிலேயே நிறுத்தி வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். சுபஸ்ரீயிடம் மேனேஜர் கேட்டாராம், “என் சேர் மேல உனக்கு அவ்ளோ ஆசையாம்மா?” என்று. வார்த்தைக்கு வார்த்தை. ஆறு பேரில் ஒருத்திதான் சொல்லியிருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வண்டிக்குள் இருந்தது ஒரே ஒரு போன் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குன்றத்தூர் மலைக்கோயில் படிக்கட்டில் ஆறு பேரும் கூடினோம். ஏற்பாடு என்னுடையது. வெற்றிலையில் கற்பூரம் கொளுத்தி, நான் காட்டிக்கொடுக்கவில்லை என்று சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். முதலில் நான் அணைத்தேன். பிறகு சந்திரம்மாள், சுபஸ்ரீ என்று வரிசையாக எல்லாரும். பாஞ்சாலி கையை ஓங்கியபோது நான் தடுத்தேன். புள்ள தலமேல சத்தியம்னு சொல்லி அணை என்றேன்.

அவள் கை அப்படியே நின்றது. “நான் சொல்லலக்கா. கற்பூரத்த நூறு வாட்டி அணைக்கிறேன். பாப்பா தலமேல மட்டும் வெக்க மாட்டேன். ஜுரத்துல கெடக்குது,” என்றாள்.

“நெஜமா இருந்தா இன்னா பயம்?”

“நெஜமா இருந்தாலும் வெக்க மாட்டேன்.”

“அப்ப நீதான்,” என்றேன்.

எனக்குக் குழந்தை இல்லை. இல்லாத பிள்ளையின் தலையைப் பணயம் வைப்பதில் என்ன கஷ்டம்? அன்றைக்கு அது எனக்குத் தோன்றவில்லை. தீர்ப்புச் சொல்லிவிட்ட பெருமையில் படியிறங்கினேன். அதற்குப் பிறகு பாஞ்சாலியோடு ஒருத்தியும் சோறு பகிரவில்லை. வண்டியில் அவள் உட்கார்ந்தால் நாங்கள் பேச்சை நிறுத்திவிடுவோம். தெருவில் குழாயடியில்கூட அவள் வந்தால் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். அதையும் ஆரம்பித்து வைத்தது நான். இரண்டு வாரத்தில் வேலையை விட்டாள், ஒரு மாதத்தில் பென்னலூரையே விட்டுப் போய்விட்டாள்.

வெங்கடேசன் பக்கத்து வீட்டு வண்டி பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து காரை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தார். ஒரே சாவியில் பிடித்தது. அவர் முகத்தில் பல் தெரிந்தது. என் முகத்தைப் பார்த்ததும் எஞ்சினை நிறுத்தினார். சொன்னேன். அவர் சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு, “மூணு வருசம் ஆச்சு எழிலு. தூக்கிப் போட்டுட்டு கம்முனு இரேன்,” என்றார்.

சுபஸ்ரீக்கு போன் செய்தேன். அவள் இப்போது குன்றத்தூரில் ஒரு துணிக்கடையில் இருக்கிறாள். விளக்குக்குள் மைக் இருந்ததைச் சொன்னேன்.

“அவளுக்கு எவ்ளோ சாபம் வுட்டிருப்பேன்கா,” என்றாள். “இப்ப போயி சொல்லி இன்னா ஆவப் போது? வேல திரும்ப வருமா? வுட்டுடுக்கா.”

“தப்பு இல்லியாடி?”

“தப்புதான். ஆனா மொதல்ல சொன்னது நீதான்கா.”

அவள் என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னாள். ஐந்து பேர் செய்த பாவம் என்று நான் பங்கு போட்டுக்கொண்டிருந்ததை, ஒரே வாக்கியத்தில் மொத்தமாக என் தலையில் இறக்கி வைத்தாள். நான் போய்ச் சொல்லவில்லையென்றால் பாஞ்சாலி சாகும்வரை காட்டிக்கொடுத்தவள்தான். சொல்ல வேறு யாரும் இல்லை. அந்தப் பெட்டி என் கையில் மட்டும்தான் இருந்தது.

மைக்கையும் பெட்டியையும் ஒயரோடு சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டேன். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார் வெங்கடேசன். அந்த வண்டியில் உட்கார எனக்கு மனம் வரவில்லை. பஸ் பிடித்தேன். தண்டலத்தில் ஒரு கல்லூரி விடுதிச் சமையல்கட்டில் பாஞ்சாலி வேலை பார்க்கிறாள் என்று எப்போதோ காதில் விழுந்திருந்தது. விடுதி வாட்ச்மேன், பின்பக்கம் வரிசையாக இருந்த வாடகை வீடுகளைக் காட்டினார். பயமாக இருந்தது. அவள் திட்டுவாள் என்ற பயம் இல்லை, திட்டாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

வாசற்படியில் உட்கார்ந்து ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்து ஊசியைச் சட்டையிலேயே குத்தி நிறுத்தினாள்.

“வாங்க,” என்றாள்.

என்னை ஒரு நாளும் அவள் வாங்க போங்க என்று பேசியதில்லை. வாக்கா, போக்கா என்றுதான் சொல்லுவாள். அந்த மரியாதையைக் கேட்டதும் பாதி உயிர் போய்விட்டது.

உட்காரவில்லை. நின்றபடியே பையிலிருந்து பெட்டியை எடுத்துப் படியில் வைத்தேன். காரை வாங்கியதிலிருந்து ஸ்டிக்கரில் இருந்த தேதிவரை ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது, சூப்பர்வைசரிடம் குறை சொல்லும் குரல். அவள் மைக்கை இரண்டு விரலில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இவ்ளோண்டு,” என்றாள். “இதுவா அத்தினியும் கேட்டுகினு இருந்துச்சு?”

“ஆமா.”

“சுபஸ்ரீ சிரிச்சதெல்லாம்?”

“எல்லாந்தான்.” அதற்குமேல் தாங்கவில்லை. “நான்தான் பாஞ்சாலி உன்ன அழிச்சேன். பாவி நான். ஊர்ல ஒவ்வொரு வூடா போயி சொல்றேன். யார் யாருகிட்ட சொல்லணுமோ சொல்லு.”

அவள் அழவில்லை. மைக்கைப் படியில் வைத்துவிட்டு, “இது கெடைக்கலன்னா வந்திருப்பீங்களா?” என்று கேட்டாள்.

பொய் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. “மாட்டேன்,” என்றேன்.

தலையை ஆட்டினாள். எதிர்பார்த்த பதில்தான் என்பதுபோல. ஊசியை எடுத்து மறுபடி தைக்க ஆரம்பித்தாள். அவள் வீட்டுக்காரர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான் இருப்பார். அவரைப் பற்றிப் பேசினாள்.

“வூட்டுக்காரருக்கும் அந்த நெனப்புதான். நீ சொல்லலன்னா ஏன் சத்தியம் பண்ணலன்னு கேக்கும். குடிச்சா கேக்கும், குடிக்காட்டியும் கேக்கும். மூணு வருசமா எந்தச் சண்ட வந்தாலும் அதுலதான் வந்து நிக்குது. புதன்கிழம வரும். வந்து சொல்லுங்க. பொட்டியையும் எடுத்துகினு வாங்க. அதுவும் உங்கள மாதிரிதான், பொட்டி சொன்னாதான் நம்பும்.”

“வரேன்,” என்றேன். “கண்டிப்பா வரேன்.”

உள்ளே பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை கணக்கு எழுதிக்கொண்டிருந்தது. இரட்டைப் பின்னல், பென்சிலைக் கடிக்கும் பழக்கம். ஒன்பது வயது இருக்கும். மலைப்படியில் நான் கேட்ட தலை அது. இவ்வளவு நேரமும் நாங்கள் பேசியதைக் கேட்டிருக்கும், ஆனால் நிமிர்ந்து பார்க்கவில்லை. பென்னலூரில் இதனோடு விளையாடிய பிள்ளைகளும் இதைச் சும்மா விட்டிருக்க மாட்டார்கள். வீட்டில் பெரியவர்கள் பேசுவதைத்தானே பிள்ளைகள் தெருவில் பேசும்.

“பாப்பாகிட்ட சொல்லட்டுமா?” என்று பாஞ்சாலியைக் கேட்டேன்.

“சொல்லுங்க,” என்றாள், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன். குழந்தை நோட்டை மூடாமல் என்னைப் பார்த்தது.

“கனிஷ்கா, உங்க அம்மா யாரையும் காட்டிக்கொடுக்கல. நாங்க பேசுனத அம்மா யாருகிட்டயும் சொல்லல. நான்தான் தப்பா சொல்லிட்டேன்.”

“தெரியுமே,” என்றது குழந்தை. “அம்மா அன்னிக்கே சொல்லிச்சு.”

பிறகு புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, உண்மையாகவே புரியாமல் என்னிடம் கேட்டது.

“உங்ககிட்ட சொல்லலியா?”

வெளியே பாஞ்சாலியின் கை நின்றது எனக்குத் தெரிந்தது.

“சொல்லிச்சும்மா,” என்றேன்.